டேப் பண்ணிட்டுத் திரும்ப வா: ஜியு ஜிட்சுவில் தொலைஞ்சுபோன ஜாலி

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கி, திருத்தித் தந்திருக்கிறோம்.)

இந்த எபிசோடை வழக்கமான ரூம்ல இருந்து ரெக்கார்ட் பண்ணல. செமஸ்டர் லீவுக்கு ஊருக்கு வந்திருக்கேன். ஊர் ஆத்தூர். சேலம் ஆத்தூர் இல்லீங்க, இந்த விளக்கத்தை நான் வாழ்க்கை முழுக்கக் குடுத்துட்டே இருக்கணும். திண்டுக்கல் ஆத்தூர், செம்பட்டி பக்கத்துல. திண்டுக்கல்லுக்குக் குடிதண்ணி குடுக்கிற காமராஜர் அணை இருக்கே, அந்த ஆத்தூர். நடுவுல மாடு கத்துற சத்தம் கேட்டா எடிட்டிங் தப்புனு நினைக்காதீங்க.

வந்து இறங்கினதும் ஹால் மூலையில ஒரு பையை வெச்சேன். மூணு வாரமா அது அங்கேயேதான் இருக்கு. உள்ள என் கி இருக்கு. கின்னா ஜியு ஜிட்சுவுக்குப் போடுற தடிமனான உடுப்பு. மூணு வாரம் திறக்காத பைக்குள்ள துவைக்காத கி எப்படி இருக்கும்னு ஜியு ஜிட்சு பண்றவங்களுக்குத் தெரியும், மத்தவங்க கற்பனை பண்ணிக்க வேண்டாம்.

போன வாரம் அம்மா கேட்டாங்க: "ஏத்தா, அந்தப் பையில இருக்கிறதத் துவைச்சுப் போடவா, இல்ல யாருக்காவது குடுத்துரலாமா?"

சும்மா விளையாட்டுக்குத்தான் கேட்டாங்க. எனக்குத்தான் பதில் வரல.

காலேஜ் சேர்ந்த முதல் வருஷம் ஜியு ஜிட்சு கிளாஸுக்கு நான் ஓடுவேன். நிஜமாவே ஓடுவேன், பஸ்ஸை விட்டுட்டா. அப்புறம் போட்டிகளுக்குப் போக ஆரம்பிச்சேன். தொடர்ந்து மூணு போட்டியில முதல் மேட்ச்லயே தோத்தேன். அதுக்கப்புறம் கிளாஸுக்குப் போறதுக்கு முன்னாடி வயித்தைக் கலக்கும். மழை வந்தா சந்தோஷம். இன்டர்னல் எக்ஸாம் வந்தா அதைவிடச் சந்தோஷம், ஏன்னா போகாம இருக்க ஒரு நியாயமான காரணம் கிடைச்சிருச்சே.

இன்னைக்குப் பேசப்போறது அதைப் பத்திதான். ரொம்பப் பிடிச்சு ஆரம்பிச்ச ஒரு விளையாட்டுல ஜாலி எப்படிக் காணாம போகுது? அதைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? நீங்க ஆடுறது செஸ்ஸா, சிலம்பமா, பேட்மிண்டனா, எதுவா இருந்தாலும் கேளுங்க. விஷயம் ஒண்ணுதான்.

முதல்ல, இது என்ன விளையாட்டு?

தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா சொல்லிடறேன். ஜியு ஜிட்சுவில் குத்தும் கிடையாது, உதையும் கிடையாது. எதிராளியைப் பிடித்து, தரைக்குக் கொண்டுவந்து, நல்ல இடத்தைப் பிடித்து, கடைசியில் ஒரு பூட்டு போடணும். கையைப் பூட்டலாம், காலைப் பூட்டலாம், கழுத்தை நெரிக்கலாம். மாட்டிக்கொண்டவர் எதிராளியின் உடம்பிலோ தரையிலோ கையால் தட்டுவார். அதுதான் டேப். தட்டின அந்த நொடியே பிடியை விட்டுடணும். ஆட்டம் முடிஞ்சது.

இதோட வேர் ஜப்பானில் இருக்கு. பழைய ஜப்பானிய ஜுஜுட்சுவைக் கற்றுக்கொண்ட கானோ ஜிகோரோ என்ற இளைஞர் 1882-ல் டோக்கியோவில் கோடோகான் என்ற பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். அவர் உருவாக்கியதுதான் ஜூடோ. கோடோகானில் தேறிய மித்சுயோ மயேடா ஊர் ஊராகச் சண்டை போட்டபடியே 1914-ல் பிரேசிலுக்குப் போய், பெலெம் நகரத்தில் தங்கினார். அங்கே அவரிடம் கற்றுக்கொண்ட கார்லோஸ் கிரேசியும், அவர் தம்பி ஹெலியோ முதலானோரும் தரையில் போடும் சண்டைக்கு முக்கியத்துவம் குடுத்துத் தனியாக வளர்த்தார்கள். இன்னைக்கு உலகம் முழுக்க பிரேசிலியன் ஜியு ஜிட்சுன்னு சொல்றது அதைத்தான். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஜியு ஜிட்சு முதல் தடவையாக இடம் பிடித்தது. அடுத்து ஹாங்சோவிலும் இருந்தது.

தரையில் கட்டிப்புரள்றது நமக்கு ஒண்ணும் புதுசு இல்ல. புறநானூற்றின் 80-ஆவது பாட்டை எடுத்துப் பாருங்க. சோழ இளவரசன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு மற்போர் செய்ததைச் சாத்தந்தையார் பாடியிருக்கார். ஒரு காலை எதிராளியின் மார்பில் மடித்து ஊன்றியிருக்கிறான், இன்னொரு கால் அவன் தந்திரத்தைத் தடுத்துப் பின்பக்கம் வளைத்திருக்கிறதுன்னு கிட்டத்தட்ட ஒரு கமென்ட்ரி மாதிரியே இருக்கும். படிச்சப்போ எனக்கு 'அட, இது நம்ம மேட்ல நடக்கிறதாச்சே'ன்னு தோணுச்சு.

தோல்வியை மலிவாக்கின ஆள்

கானோவுக்கு அப்போ வயசு 21. கிட்டத்தட்ட நம்ம வயசு. சின்ன உருவம், பள்ளியில் பெரிய பசங்ககிட்ட அடி வாங்கினவர், அதனாலதான் ஜுஜுட்சு கத்துக்கப் போனார். கோடோகான் ஆரம்பித்தது எய்ஷோஜி என்ற புத்தக் கோயிலில், 12 பாய் விரித்த ஒரு இடத்தில். முதல் வருஷம் மாணவர்கள் 9 பேர்.

அவர் செய்த முக்கியமான வேலை என்னன்னா, புது நுணுக்கம் சேர்த்ததைவிட, ஆபத்தானதைப் பிரிச்சு வெச்சது. பழைய ஜுஜுட்சுவில் குத்து, உதை, எலும்பை உடைக்கும் அடி எல்லாம் உண்டு. அதையெல்லாம் முழு பலத்தோடு பயிற்சி பண்ண முடியாது, பண்ணா மறுநாள் பயிற்சிக்கு ஆள் இருக்காது. அதனால் குத்து, உதை எல்லாவற்றையும் முன்கூட்டியே வகுத்த வரிசையில் செய்யும் பயிற்சிக்கு மட்டும் ஒதுக்கினார். மிச்சத்தை வைத்து, ரெண்டு பேரும் முழு பலத்தோடு, முன்கூட்டிப் பேசி வைக்காமல் மோதும் ராண்டோரி என்ற பயிற்சியை நடுவில் கொண்டுவந்தார். இன்னைக்கு நாங்க ரோல் பண்றோம்னு சொல்றோமே, அதோட தாத்தா இதுதான்.

இதனால என்ன ஆச்சு? தோல்வி மலிவாச்சு. ஒரு மணி நேரத்துல இருபது தடவை தோக்கலாம், காயம் இல்லாம வீட்டுக்குப் போகலாம், நாளைக்குத் திரும்ப வரலாம். நிஜச் சண்டையில் ஒரு தடவை தோத்தாலே கதை முடிஞ்சது. மேட்ல தோத்தா, தட்டு, கை குடு, திரும்ப ஆரம்பி.

நம்ம கபடியையே பாருங்க. அவுட் ஆனவன் வெளியே போய் உட்கார்ந்தாலும், அவன் டீம் எதிர் டீம்ல ஒருத்தரை அவுட் ஆக்கினா இவன் உயிரோட உள்ள வந்துடுவான். அவுட் ஆனாலும் ஆட்டம் உன்னை விட்டுப் போகாது. அதனாலதான் பசங்க துணிஞ்சு போனஸ் கோட்டைத் தொடப் போவாங்க.

எனக்குப் புரிஞ்ச வரைக்கும், ஜாலிங்கிறது இந்த இடத்துலதான் இருக்கு. தோல்வி மலிவா இருந்தா புதுசா ஒண்ணை முயற்சி பண்ணத் தோணும். முயற்சி பண்ணா ஏதாவது வேடிக்கையா நடக்கும். சிரிப்பு வரும். கத்துக்கறதும் அப்போதான் நடக்கும். தோல்விக்கு விலை ஏறினா நாம தெரிஞ்சதையே திரும்பத் திரும்பப் பண்ணிட்டு, மாட்டிக்காம இருக்கிறதுலேயே குறியா இருப்போம்.

போட்டி விலையை எப்படி ஏத்துது?

போட்டி கெட்டதுன்னு நான் சொல்ல வரல. போட்டி என்ன பண்ணுதுன்னு மட்டும் பார்க்கலாம்.

ஜியு ஜிட்சு போட்டியில், சர்வதேசக் கூட்டமைப்பு விதிப்படி, வெள்ளை பெல்ட் பெரியவர்களுக்கு ஒரு மேட்ச் 5 நிமிஷம். நீல பெல்ட்டுக்கு 6, கறுப்பு பெல்ட்டுக்கு 10. எதிராளியைக் கீழே தள்ளினால் 2 புள்ளி. கீழே மாட்டியிருந்து புரட்டி மேலே வந்தால் 2. கால்களின் காவலைத் தாண்டினால் 3. மேலே ஏறி உட்கார்ந்தாலும், முதுகைப் பிடித்தாலும் 4.

இப்போ சின்னக் கணக்கு. உங்க எடைப் பிரிவில் 16 பேர்னு வெச்சுக்கங்க. நாக்-அவுட் முறை. முதல் சுற்று முடியும்போது 8 பேர் வெளியே. அந்த 8 பேர் என்ன பண்ணியிருப்பாங்க? விடிகாலையில பஸ் பிடிச்சு, ரெண்டு நாள் சரியா சாப்பிடாம எடையைக் கட்டுப்படுத்தி, மூணு மணி நேரம் காத்திருந்து, 5 நிமிஷம் ஆடி, வீட்டுக்குக் கிளம்பியிருப்பாங்க. கடைசியில் 16 பேரில் 15 பேர் தோல்வியோடதான் அன்னைக்கு முடிப்பாங்க. ஒருத்தர் மட்டும்தான் தோக்காம போவார். நான் திறமை இல்லாதவன்னு அந்த 15 பேர்ல ஒருத்தர் நினைச்சா, அது பெரும்பாலும் இந்தக் கணக்கு போடுற வேலைதான்.

பயிற்சியில் ஒரு சாயங்காலம் பத்து தடவை தோத்தாலும் செலவு ஒண்ணும் இல்ல. போட்டியில் ஒரே தோல்விக்கு நுழைவுக் கட்டணம், பஸ் செலவு, லீவு, அப்பா அம்மாகிட்ட சொல்ற பதில், எல்லாம் சேர்ந்து பில் வருது. இது வரைக்கும்கூட சரிதான், போட்டின்னா அப்படித்தான். என் விஷயத்துல தப்பு எங்கன்னா, அந்தப் போட்டி விலையை நான் பயிற்சிக்குள்ளேயும் தூக்கிட்டு வந்துட்டேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு புதுப் பொண்ணுகிட்ட டேப் பண்ணா, அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராது. நல்லா ஆடுறவங்களோட ரோல் பண்ண வேண்டி வந்தா தண்ணி குடிக்கப் போயிடுவேன். அதாவது, கானோ கஷ்டப்பட்டு மலிவாக்கின தோல்வியை நானே காஸ்ட்லி ஆக்கிட்டேன்.

தங்க நட்சத்திரம் ஒட்டின சர்டிஃபிகேட்

இன்னொரு விஷயம் நம்ம ஊர் மாணவர்களுக்கு ரொம்பப் பொருந்தும். சர்டிஃபிகேட்.

தமிழ்நாட்டில் விளையாட்டுச் சான்றிதழுக்கு நிஜமான மதிப்பு இருக்கு. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கு. அரசு வேலையிலும் விளையாட்டு வீரர்களுக்கு ஒதுக்கீடு இருக்கு. அரசு அங்கீகரிக்கிற ஒரு விளையாட்டுல மாநில அளவில ஒரு மெடல் வாங்கினா ஒரு குடும்பத்தோட நிலைமையே மாறலாம். அதைக் கிண்டல் பண்ற உரிமை எனக்கு இல்ல. ஆனா அதுக்கு ஒரு பக்க விளைவும் இருக்கு.

1973-ல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூணு பேரும் ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில், கலர் மார்க்கரால் படம் வரையறதுல ஏற்கெனவே ஆசையாக இருந்த குழந்தைகளை எடுத்துக்கிட்டாங்க. மூணு குழு. முதல் குழுவிடம் முன்னாடியே, 'படம் வரைஞ்சா நல்ல விளையாட்டாளர்னு ஒரு சர்டிஃபிகேட் தருவோம்'னு சொல்லிட்டாங்க. தங்க நட்சத்திரம், சிவப்பு ரிப்பன் எல்லாம் வெச்ச சர்டிஃபிகேட். ரெண்டாவது குழுவுக்கு ஒண்ணும் சொல்லல, வரைஞ்சு முடிச்சதும் திடீர்னு அதே சர்டிஃபிகேட்டைக் குடுத்தாங்க. மூணாவது குழுவுக்கு எதுவுமே இல்ல.

ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு, வகுப்பறையில் மார்க்கரை வெச்சுட்டு ஒளிஞ்சு நின்னு பார்த்தாங்க. யாரும் வரையச் சொல்லல. முதல் குழுக் குழந்தைகள் வரைஞ்ச நேரம், மத்த ரெண்டு குழுவோட ஒப்பிட்டா கிட்டத்தட்ட பாதிதான். சர்டிஃபிகேட்டுக்காக வரைஞ்சாங்க, சர்டிஃபிகேட் இல்லன்னதும் எதுக்கு வரையணும்னு தோணிடுச்சு.

ஆனா ரெண்டாவது குழுவைக் கவனிங்க. அவங்களுக்கும் அதே சர்டிஃபிகேட் கிடைச்சது, ஆசை குறையல. ஏன்னா அவங்க வரையும்போது மனசுல அது இல்ல. அப்போ பரிசு வாங்குறதுல பிரச்சினை இல்ல. ஆடுற நேரம் முழுக்கப் பரிசு மனசுல உட்கார்ந்திருக்கிறதுலதான் பிரச்சினை.

மெடலுக்காக ஆரம்பிக்காதவங்க

இந்தியாவுக்கு இந்தக் கலை வந்த கதையில் இதுக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கு. 1929-ல் ரவீந்திரநாத் தாகூர் கோடோகானில் பயின்ற ஷின்சோ தகாகாகி என்ற ஆசிரியரை ஜப்பானிலிருந்து சாந்திநிகேதனுக்கு வரவழைச்சார். பையன்களோடு பெண்களும் கத்துக்கிட்டாங்க. பொருளாதார அறிஞர் அமர்த்திய சென்னின் அம்மா அமிதா சென் அவங்கள்ல ஒருத்தர். அந்தக் காலத்துல ஒரு பொண்ணு ஜூடோ கத்துக்கறதுன்னா நினைச்சுப் பாருங்க. ஒலிம்பிக்ஸுக்குள்ள ஜூடோவே 1964-லதான் வந்தது, அதுவும் ஆண்களுக்கு மட்டும். ஒதுக்கீடும் இல்ல, மெடலும் இல்ல. விழக் கத்துக்கிட்டாங்க, எழக் கத்துக்கிட்டாங்க.

சரி, அவங்களுக்குப் போட்டி இல்ல, நமக்கு இருக்கே, அதுக்கென்ன பண்றதுன்னு கேப்பீங்க. அதுக்கு ஆஷ்லி பார்ட்டியைப் பார்க்கலாம். ஆஸ்திரேலிய டென்னிஸ் வீராங்கனை. 15 வயசுல, 2011-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் ஜெயிச்சவர். 2014-ல், 18 வயசுல, டென்னிஸே வேண்டாம்னு விலகிட்டார். அதுக்கு முன்னாடி போட்டிக் கிரிக்கெட் ஆடியதே இல்ல, ஆனா பிரிஸ்பேன் ஹீட் அணியில் சேர்ந்து பெண்கள் பிக் பாஷ் லீகின் முதல் சீசனில் ஆடினார். அங்கே அவர் யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை, புதுசா கத்துக்கிற ஆள். 2016-ல் டென்னிஸுக்குத் திரும்பி வந்தார். 2019-ல் பிரெஞ்சு ஓப்பன், அதே வருஷம் உலக நம்பர் 1. 2021-ல் விம்பிள்டன், 2022-ல் ஆஸ்திரேலிய ஓப்பன். கொஞ்ச நாள் வேற இடத்துல புது ஆளா நின்னுட்டு வந்தா ஜெயிச்சுடலாம்னு இதிலிருந்து கணக்குப் போட்டுடாதீங்க, எல்லாரும் பார்ட்டி ஆக முடியாது. ஒரு இடைவெளி எடுத்தா விளையாட்டு வாழ்க்கை முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம் இல்லங்கிறதை மட்டும் எடுத்துக்கங்க.

களத்துல ஒரு சாயங்காலம்

இவ்வளவும் நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது. மனசுல இறங்கினது போன வாரம்தான்.

அம்மா பையைப் பத்திக் கேட்ட அன்னைக்குச் சாயங்காலம், வீட்டுக்குப் பின்னாடி களத்துல பசங்க கபடி ஆடிட்டு இருந்தாங்க. சித்தி பையன் எட்டாவது படிக்கிறான். ஓடி வந்து, "அக்கா, நீ காலேஜ்ல கத்துக்கிற சண்டையைக் கத்துக்குடுக்கா"ன்னான். எனக்கு மனசே இல்ல. விட மாட்டேன்னு நிக்கிறான். சரின்னு வைக்கோலைப் பரப்பி, மேல பழைய ஜமக்காளத்தை விரிச்சோம்.

முதல்ல டேப்பைத்தான் சொல்லிக்குடுத்தேன். "வலிச்சாலோ, பயமா இருந்தாலோ ரெண்டு தட்டு தட்டு. தட்டினா எதிராளி விட்டுடணும். அதான் ரூல்." கழுத்தைப் பிடிக்கிறது, மூட்டைப் பூட்டுறது எதையும் சின்னப் பசங்களுக்குச் சொல்லித்தரல, அது கிளாஸ்ல ஒருத்தர் பார்த்துக்க இருக்கும்போது பண்ண வேண்டியது. வெறுமனே மேல உட்கார்றது, கீழ இருக்கிறவன் புரட்டிவிட்டு மேல வர்றது. அவ்வளவுதான்.

அவன் கீழ மாட்டினான். நெளிஞ்சான். முடியல. தட்டினான். நான் விட்டதும் எழுந்து என்ன சொன்னான் தெரியுமா? "திரும்ப!" அடுத்த தடவையும் தட்டினான். "திரும்ப!" பத்துப் பதினஞ்சு தடவை. ஒவ்வொரு தடவையும் வேற ஒண்ணு முயற்சி பண்றான். ஒரு தடவை என் காதைப் பிடிச்சு இழுத்தான், ஃபவுல்னு சொல்லி எல்லாரும் சிரிச்சோம். கடைசியில் என் கால் எங்கே இருக்குன்னு பார்த்து, அதைத் தன் காலால மடக்கி, இடுப்பைத் தூக்கிப் புரட்டிட்டான். யாரும் சொல்லித்தராம தானாவே ஒரு ஸ்வீப்பைக் கண்டுபிடிச்சுட்டான். நான் அந்த ஸ்வீப்பைக் கத்துக்க ஒரு மாசம் ஆச்சு.

அவன் ஒரு மணி நேரத்துல எத்தனை தடவை தோத்தான்னு அவனைக் கேட்டா அவனுக்குத் தெரியாது. எண்ணவே இல்ல. நான் கடைசியா எப்போ எண்ணாம ரோல் பண்ணேன்னு யோசிச்சேன். முதல் வருஷம்.

அப்போ என்ன பண்ணலாம்?

லீவு முடிஞ்சு திரும்பிப் போனதும் நான் பண்ணப்போறதைச் சொல்றேன். இதுல சிலது முன்னாடி எங்க கிளாஸ்ல பண்ணதுதான். போட்டி ஜுரத்துல நான்தான் விட்டுட்டேன்.

ஒண்ணு. வாரத்துல பயிற்சியைப் பிரிச்சு வைக்கப்போறேன். ஒரு நாள் மட்டும் போட்டி மாதிரி: கடிகாரம், புள்ளி, முழு வேகம். மத்த நாட்கள் ஆட்டம். அந்த நாட்கள்ல யார் யாரை டேப் பண்ணாங்கன்னு கணக்கே கிடையாது. விலை ஏற வேண்டிய நாள் ஒண்ணே ஒண்ணுதான்.

ரெண்டு. மோசமான இடத்துல இருந்து ஆரம்பிக்கிறது. எதிராளி ஏற்கெனவே என் முதுகைப் பிடிச்சிருக்கிற மாதிரி வெச்சுட்டு ரோலைத் தொடங்கணும். பாதி தோல்வியில்தானே ஆரம்பிக்கிறோம், இழக்க ஒண்ணும் இல்ல, அதனால பயமும் இல்ல. போட்டிக்கும் இது உதவும், ஏன்னா நிஜ மேட்ச்ல அங்க மாட்டினாலும் பழகின இடமா இருக்கும்.

மூணு. கேள்வியை மாத்தப்போறேன். கிளாஸ் முடிஞ்சு பஸ்ல வரும்போது மனசு தானா கேக்குற கேள்வி, 'இன்னைக்கு ஜெயிச்சேனா?' அதுக்குப் பதிலா, 'இன்னைக்குப் புதுசா என்ன முயற்சி பண்ணேன்?' போன்ல ஒரு வரி எழுதிட்டாப் போதும். 'கால் மடக்கிப் புரட்டப் பார்த்தேன், நாலு தடவை சொதப்பினேன்.' இது ஒரு நல்ல நாளோட குறிப்பு.

நாலு. புதுசா வர்றவங்களோட ரோல் பண்றது. அவங்ககிட்ட ஜெயிக்கிறதுக்கு இல்ல. கானோ ஜூடோவுக்கு ரெண்டு கொள்கை வெச்சார். அதுல ஒண்ணு ஜிதா கியோயெய், அதாவது நானும் நீயும் சேர்ந்து நல்லா இருக்கணும்ங்கிறது. மேட்ல எதிர்ல இருக்கிறவர் இல்லன்னா நமக்குப் பயிற்சியே இல்லையே. வெள்ளை பெல்ட் போட்ட ஒருத்தர் முதல் தடவையா ஒரு பிடியில இருந்து தப்பிச்சு வரும்போது அவங்க முகத்தைப் பாருங்க. நம்ம முதல் வருஷம் ஞாபகம் வரும்.

அஞ்சு. போட்டிக்குப் போகும்போது நம்ம கையில இருக்கிற ஒரு குறிக்கோளோட போறது. 'தங்கம் வாங்கணும்' நம்ம கையில இல்ல, அந்த 16 பேர் கணக்கு ஞாபகம் இருக்கில்ல. 'நான் பழகின அந்த ஸ்வீப்பை ஒரு தடவையாவது முயற்சி பண்ணிட்டுத்தான் மேட்டை விட்டு இறங்குவேன்' நம்ம கையில இருக்கு. தோத்தாலும் அதைப் பண்ணியிருக்கலாம்.

இதெல்லாம் மனசு சம்பந்தப்பட்டது. எப்பவும் காரணம் மனசுலயே இருக்கும்னு இல்ல. ரெண்டு மாசமா சரியான தூக்கம் இல்ல, சாப்பாட்டைக் குறைச்சு எடையைக் குறைச்சுட்டே இருக்கீங்க, முழங்கால் வலியை மறைச்சுட்டு ஆடுறீங்கன்னா, ஜாலி போனது உடம்பு குடுக்கிற எச்சரிக்கையா இருக்கலாம். முதல்ல ஓய்வு எடுங்க, டாக்டரைப் பாருங்க. அதேபோல, டேப் பண்றவங்களைக் கிண்டல் பண்ற, டேப் பண்ண பிறகும் பிடியை விடாத இடத்துல நீங்க பயிற்சி பண்றீங்கன்னா, பிரச்சினை உங்ககிட்ட இல்ல. இடத்தை மாத்துங்க. டேப்புக்கு மரியாதை இல்லாத இடத்துல இந்த விளையாட்டே இல்ல.

எல்லாம் பண்ணிப் பார்த்தும் ஆசை வரலன்னா? விட்டுடலாம். அதுவும் ஒரு டேப்தான். வேற விளையாட்டு இருக்கு, அல்லது ஒரு வருஷம் கழிச்சு இதே விளையாட்டு இருக்கு. சர்டிஃபிகேட் தேவைப்படுற நிலைமையில இருக்கிறவங்களுக்கு இந்த முடிவு சுலபம் இல்லன்னு எனக்குத் தெரியும். அவங்களுக்கு நான் சொல்ல முடிஞ்சது, வாரத்துல ஒரு நாளாவது அந்தச் சர்டிஃபிகேட்டை மேட்டுக்கு வெளிய, செருப்பு பக்கத்துல விட்டுட்டு உள்ள போங்க. போகும்போது எடுத்துக்கலாம். அது எங்கயும் ஓடிடாது.

பை என்ன ஆச்சு?

அம்மாவுக்குப் பதில் சொல்லிட்டேன். யாருக்கும் குடுக்க வேண்டாம்னு. "அப்ப நீயே துவை"ன்னு சொல்லிட்டாங்க. ரெண்டு தடவை சோப்புத் தூள்ல ஊற வெச்சுத் துவைச்சு, இப்போ மொட்டை மாடியில காயுது. இங்க அடிக்கிற வெயிலுக்கு மத்தியானத்துக்குள்ள காஞ்சிடும்.

அடுத்த போட்டிக்குப் பேர் குடுக்கலாமா வேண்டாமான்னு இன்னும் முடிவு பண்ணல. குடுத்தா அந்தக் கால் மடக்கிற ஸ்வீப்பைத்தான் முயற்சி பண்ணப்போறேன். சொல்லிக்குடுத்த வாத்தியார் எட்டாவது படிக்கிறார். இப்போகூடக் கீழே இருந்து கூப்பிட்டுட்டு இருக்கார், ஜமக்காளத்தை விரிச்சாச்சாம்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம். நான் கீழ போறேன்.